சிறுவாணித் தண்ணீர் குடித்த கல்

கோவை கணபதியில் நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தில், கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு தகரப் பலகை தொங்குகிறது. "இந்தக் குழாய்த் தண்ணீர் மனிதர்களுக்கு மட்டும்" என்று நீலப் பெயிண்டில் எழுதியிருக்கும். எழுதியவன் நான்தான். எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும்; கடைசி வார்த்தைக்கு இடம் போதாமல் கீழே இறங்கியிருக்கும். நான் பிட்டர், பெயிண்டர் அல்ல.

போன மாதம் அந்தக் கூடத்திலிருந்து காயத்ரி போன் செய்தார். இப்போது அங்கே பொறியாளராக இருப்பவர். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர், நல்ல மாதிரி.

"பாய், நாங்க புதுக் கட்டடத்துக்கு மாறப் போறோமுங்க. அந்தத் தகரப் பலகையைப் பழைய இரும்புக்குப் போட்டறலாமுங்களா? நாய்க்கு யாராச்சும் தண்ணி புடிச்சு வெச்சாங்களா, அதுக்கா அப்படி எழுதுனீங்க?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, சுள்ளென்று கோபமும் வந்தது. "அது நாய்க்கு இல்லீங்க அம்மணி, கல்லுக்கு" என்றேன்.

காயத்ரிக்குப் புரியவில்லை. பிறகு பேச்சு வேலைப் பக்கம் திரும்பியது. எண்ணெய்க் கிணற்றில் விடும் தண்ணீரில் உப்பைக் குறைத்தால் கூடுதலாக எண்ணெய் வருகிறதாம், உலகமெங்கும் இப்போது அதுதான் பேச்சாம், கருத்தரங்கெல்லாம் நடக்கிறதாம். "நீங்க இருந்த காலத்துல இதெல்லாம் பார்த்திருக்கீங்களா பாய்?" என்று கேட்டார்.

பார்த்திருக்கிறேனா! என் கையால் ஒரு கல்லைக் கெடுத்துப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் தற்பெருமை உண்டு. 'கொஞ்சம்' என்ற வார்த்தையை அடித்துவிடச் சொல்கிறாள் என் மனைவி. எழுதித் தருகிறேன் என்று காயத்ரியிடம் சொல்லிவிட்டேன். இதோ எழுதுகிறேன்.

என் பெயர் தாவூத். கோட்டைமேட்டில் பிறந்தவன். வாப்பா பூட்டு ரிப்பேர் செய்தவர். நான் ஐடிஐயில் பிட்டர் படித்துவிட்டு, கணபதியில் நாச்சிமுத்து முதலாளியின் பம்ப் கம்பெனியில் சேர்ந்தேன். பதினோரு வருடம் கிணற்றுப் பம்ப் மாட்டினேன். அந்தப் பதினோரு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கோவையில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் எண்ணெய் நிறுவனம் எங்களிடம் விசித்திரமான பம்ப் ஒன்று கேட்டது. நிமிடத்துக்கு ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று அளந்து தள்ள வேண்டும். ஆனால் எவ்வளவு எதிர்ப்பு இருந்தாலும் தள்ள வேண்டும். அதை நான் செய்து முடிக்க ஏழு மாதம் ஆனது. முதலாளிக்கு ஆசை பிடித்துக்கொண்டது. பம்பை மட்டும் ஏன் விற்க வேண்டும், அதை வைத்துக் கல்லைப் பரிசோதித்தும் கொடுக்கலாமே என்று மாடியில் ஓர் அறையைக் கட்டி, மரகதம் மேடத்தை அழைத்து வந்தார். பம்ப் என்னுடையது என்பதால் நானும் மாடிக்குப் போனேன்.

மேடம் புவியியல் படித்தவர், அன்னூர்க்காரர், விவசாயக் குடும்பம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கல்லைத் தொடும் முன் வளையல்களைக் கழற்றி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் ஊர்க்கதை பேசக் கூடாது. அவர் வைத்த சட்டம் ஒன்றுண்டு. நோட்டுப் புத்தகத்தில் இடது பக்கம் கண்ணால் பார்த்தது மட்டும். வலது பக்கம் அதைப் பற்றி நாம் நினைத்தது. பேனாவில்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் கிழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது; ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி. நான் ஏதாவது சொன்னால் உடனே கேட்பார்: "பார்த்தீங்களா பாய், நெனச்சீங்களா?"

முதல் ஆறு மாதம் அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது.

பூமிக்கடியில் எண்ணெய் குளம்போலத் தேங்கி நிற்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நனைந்த செங்கல்லில் ஈரம் இருக்கிறதே, அதுபோலக் கல்லின் நுண்ணிய துளைகளுக்குள் இருக்கிறது. ஒரு கிணற்றில் தண்ணீரை உள்ளே தள்ளினால், அது கல்லுக்குள் புகுந்து எண்ணெயை அடுத்த கிணற்றுக்குத் தள்ளிக்கொண்டு வரும். அதைத்தான் எங்கள் மாடி அறையில் விரல் நீளக் கல்லை வைத்துச் செய்து பார்ப்போம். கல்லை ரப்பர் உறையில் போட்டு, இரும்பு உருளைக்குள் இறுக்கி, ஒரு முனையில் என் பம்பால் தண்ணீர் தள்ளுவோம். மறுமுனையில் கண்ணாடிக் குழாயில் சொட்டுவதில் எண்ணெய் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்போம். தள்ளும் அழுத்தத்தை ஒரு முள் காட்டும். முள் அசையாமல் நின்றால் கல் தாராளமாக வழி விடுகிறது, ஏறினால் மறுக்கிறது.

தள்ளும் தண்ணீரும் சாதாரணத் தண்ணீர் அல்ல. அந்தக் கல் பூமிக்கடியில் எந்த உப்புத் தண்ணீரில் கிடந்ததோ, அதே கணக்கில் காய்ச்சி வடித்த நீரில் உப்புகளை நிறுத்துப் போட்டு, வடிதாளில் இரண்டு முறை வடிகட்டி, காற்றுக் குமிழிகளை உறிஞ்சி எடுத்துத் தயாரிக்க வேண்டும். ஒரு கேன் தயாரிக்க ஒன்றரை நாள் ஆகும். நல்ல தண்ணீர் இருக்கும்போது எதற்கு இந்த உப்புச் சமையல் என்று மனசுக்குள் சலித்துக்கொண்டேன். வாய் விட்டுக் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. டெல்டா பக்கத்தில் ஓர் எண்ணெய் வயல். அங்கே கிணறுகளுக்குள் தண்ணீர் தள்ளப் போகிறார்கள். எவ்வளவு எண்ணெய் வரும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். மெழுகு பூசி, மரப்பெட்டியில் மூன்றே மூன்று துண்டுக் கல் வந்தது. அதற்கு மேல் கிடையாது. அந்த நிறுவனத்தின் பொறியாளர் வெங்கட்ராமன் போனில் மேடத்திடம் சொன்னார்: "உங்க முறைப்படி உப்புத் தண்ணியிலயே பார்த்துக் கொடுங்க மேடம். வயல்ல நாங்க வாய்க்கால் தண்ணியை வடிகட்டி விடப் போறோம். தண்ணி சுத்தமா இருந்தா போதும், எந்தத் தண்ணியா இருந்தா என்ன?"

மேடம் நோட்டின் வலது பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார். முதலாளி என்னிடம் தனியாகச் சொன்னார்: "பாய், இது ஒழுங்கா முடிஞ்சாத்தான் மாடி ரூமு. இல்லீன்னா பூட்டிப்போட்டு நீங்க கீழ பிட்டிங்குக்கே வந்துருங்க." அவர் மிரட்டவில்லை, நிலவரத்தைச் சொன்னார். இரண்டு வருடம் மாடியில் இருந்த பிறகு என்னால் கீழே இறங்க முடியாது.

முதல் கல் பிசகில்லாமல் முடிந்தது. இரண்டாவது கல்லைப் பாதி ஓட்டியிருந்தபோது, மேடம் அக்கா மகள் கல்யாணத்துக்கு அன்னூர் போனார். "நீங்க பார்த்துக்குவீங்க பாய், ரெண்டு நாள்ல வாரேன்" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, பம்பின் தொட்டியை நிரப்பக் கேனை எடுக்கப் போனால் கேன் காலி. அறைத் தரை முழுவதும் பளபளவென்று ஈரமாக இருந்தது. கூட்டிப் பெருக்க வரும் ரங்கம்மாக்கா துடைப்பத்தோடு நின்றார்.

"அக்கா, இந்தக் கேன்ல இருந்த தண்ணி?"

"தொடச்சு உட்டுட்டனுங்க பாய். உப்புத் தண்ணின்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருந்தீங்க?"

அவரை என்ன சொல்ல? எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு தண்ணீர் இருக்கும். போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணீர் தரை துடைக்க, பாத்திரம் கழுவ. சிறுவாணித் தண்ணீர் குடிக்க, சமைக்க, விருந்தாளிக்குக் கொடுக்க. உப்புத் தண்ணீரை வேறு எதற்கு வைத்திருப்பார்கள்?

தொட்டியில் மிச்சமிருந்தது அரை மணி நேரத்துக்குத்தான் வரும். நடுவில் நிறுத்தினால் இரண்டு நாள் உழைப்பு வீண். கல்யாண மண்டபத்துக்கு யார் போன் போடுவது? அப்போதுதான் நானும் ரங்கம்மாக்கா செய்ததையே தலைகீழாகச் செய்தேன். அவர் உப்புத் தண்ணீரைத் தரைக்குக் கொடுத்தார். நான் நல்ல தண்ணீரைக் கல்லுக்குக் கொடுத்தேன். குழாயில் சிறுவாணித் தண்ணீர் பிடித்து, வடிதாளில் இரண்டு முறை வடிகட்டி, குமிழி நீக்கித் தொட்டியில் ஊற்றினேன். உலகத்திலேயே ருசியான தண்ணீர் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். வயலில் அவர்களே நல்ல தண்ணீர்தானே விடப் போகிறார்கள் என்றும் ஒரு சமாதானம். கல்லும் ஒரு நாள் நல்லதாகக் குடிக்கட்டும் என்று ரங்கம்மாக்காவிடம் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் அநேகமாக நின்றுபோயிருந்த கல் அது. திடீரென்று கண்ணாடிக் குழாயில் ஓர் இழை எண்ணெய் கூடுதலாக ஏறியது. அடடா என்று சந்தோஷப்பட்டேன். அடுத்து வந்த நீர் கலங்கலாக, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது. முள் மெதுவாக ஏற ஆரம்பித்தது. பிறகு வேகமாக ஏறியது. சொட்டு மெலிந்து, இடைவெளி விட்டு, நின்றே விட்டது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் பம்பை அணைத்தேன்.

இணைப்புகளைப் பார்த்தேன், ஒழுகல் இல்லை. உறையைப் பார்த்தேன்; சரியாக இருந்தது. கல்லைத் தவிர எல்லாம் நன்றாக இருந்தது. நோட்டை எடுத்து இடது பக்கத்தில், 'பம்ப் பழுது' என்று எழுதினேன்.

முதலாளி மேலே வந்து பார்த்தார். மனிதர் நல்லவர், பயந்துபோயிருந்தார். "கல்லு ஒடஞ்சு போச்சுன்னு எழுதிருங்க பாய். அத்தன ஆழத்துலருந்து வருது, ஒடையாதா? யாரு கேக்கப் போறாங்க?" என்றார். உண்மைதான், யாரும் கேட்க மாட்டார்கள். அவர் போன பிறகு நோட்டைத் திறந்து நான் எழுதிய இரண்டு வார்த்தைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பம்ப் பழுது. எந்தப் பம்ப்? ஏழு மாதம் நான் கடைந்து, தேய்த்து, என் கையால் கூட்டிய பம்ப். அது ஒரு நாளும் பழுதானதில்லை. என் மானம் போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்தப் பம்ப் மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை.

அந்த வார்த்தைகள் மேல் ஒரே கோடு போட்டேன். கீழே எழுதினேன்: 'உப்பு நீர் தீர்ந்தது. சிறுவாணித் தண்ணீர் விட்டேன். ஓர் இழை எண்ணெய் கூடியது. நீர் கலங்கியது. முள் ஏறியது. ஓட்டம் நின்றது.' வலது பக்கத்தில், 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேடம் திரும்பி வந்தபோது கல்யாண வளையல்கள் முழங்கை வரை இருந்தன. நோட்டைப் படித்தார். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட ஆரம்பித்தார். இரண்டு கையிலும் இரண்டு டஜன் இருக்கும். அத்தனை டங்டங்கையும் நின்றுகொண்டே கேட்டேன்.

"கலங்கல்னு எழுதியிருக்கீங்க. பார்த்தீங்களா, நெனச்சீங்களா?"

"பார்த்தனுங்க மேடம்."

"அந்தத் தண்ணி எங்க? ஊத்திப்போட்டீங்களா?"

"இல்லீங்க. குழாயோட வெச்சிருக்கேன்."

அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். குழாயை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். அடியில் முகத்துப் பவுடர் மாதிரி ஒரு படலம் இறங்கியிருந்தது. ஒரு துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"களிமண்ணுங்க பாய். எங்க அப்பன் தோட்டத்துல போர்த் தண்ணி, வாயில வைக்க முடியாத உப்பு. ஆனா பாய்ச்சுனா மண்ணு குடிச்சுக்கும். நல்ல மழைத் தண்ணி உழுந்தா, மேல சேறாகி மூடிக்கும், தண்ணி எறங்காது. சின்னப் புள்ளைல இருந்து பார்த்திருக்கேன். அந்தத் தோட்டந்தான் இந்தக் கல்லுக்குள்ளயும் இருக்குது."

பிறகு எனக்கு விளக்கினார். கல்லின் துளைச் சுவர்களில் கண்ணுக்குத் தெரியாத களிமண் துகள்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. உப்பு இருக்கும்வரை அவை அசையாது. உப்பு சட்டென்று குறைந்தால் பிடி விட்டு, தண்ணீரோடு ஓடி, அடுத்த சந்தில் போய்ச் சிக்கி அடைத்துக்கொள்ளும். ஒரு வழி அடைத்தால் தண்ணீர் அதுவரை போகாத வேறு வழிக்குத் திரும்பும். அங்கே தங்கியிருந்த எண்ணெய் வெளியே வரும். நான் பார்த்த அந்த ஓர் இழை அதுதான். அளவோடு நடந்தால் லாபம். அளவு மீறினால் கல் மொத்தமாக மூடிக்கொள்ளும்.

"அப்ப அவங்க வாய்க்கால் தண்ணி விட்டா?" என்று கேட்டேன்.

"அதத்தானுங்க பாய் நானும் நெனைக்கறேன். ஆனா இது நெனப்புதான். இன்னும் பார்க்கலீங்க."

பார்ப்பதற்கு ஒரே ஒரு கல்தான் மிச்சம் இருந்தது.

மேடம் போனில் விஷயத்தைச் சொல்லிக் கேட்டதும், வெங்கட்ராமன் இரண்டு கேன் வாய்க்கால் தண்ணீரோடு வந்து இறங்கினார். முகம் கடுகடுவென்று இருந்தது. "மூணு கல்லு கொடுத்தோம். ஒண்ணைக் கெடுத்துட்டு, கடைசிக் கல்லையும் கெடுக்கிறதுக்கு அனுமதி கேட்கிறீங்க. யார் சார் அதைக் கெடுத்தது?" என்று முதலாளியிடம் கேட்டார்.

"நான்தானுங்க" என்றேன்.

"இன்னைக்கு யார் ஓட்டப் போறது?"

"அவருதானுங்க," என்றார் மேடம். "அந்த முள்ளு ஏறுனதக் கண்ணால பார்த்தவரு இந்த ரூம்ல அவரு ஒருத்தர்தான்."

வளையல்கள் கிண்ணத்தில் விழுந்தன. நான் பம்பைப் போட்டேன்.

முதலில் முழு உப்பு நீர். எண்ணெய் வர வேண்டியது வந்து நின்றது. அடுத்து உப்பைப் பாதியாக்கினோம். முள் அசையவில்லை. அதிலும் பாதி, அசையவில்லை. வெங்கட்ராமன் கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி வாசலில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் குறைத்தோம். முள் ஒரு நூல் ஏறியது, நின்றது. கண்ணாடிக் குழாயில் ஓர் இழை எண்ணெய் ஏறியது. வெங்கட்ராமன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இது எங்கேருந்து வருது?" என்றார். மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

வாய்க்கால் தண்ணீரைத் திறந்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. எனக்கு உள்ளூரப் பதற்றம்: அன்று நடந்தது வேறு ஏதோ கோளாறாக இருந்தால்? கடைசிக் கல்லும் போய், அறையும் போய்விடும். பிறகு சொட்டின் நிறம் மாறியது. "கலங்கலுங்க," என்றேன். முள் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை முன்னால் பம்பை நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கல் முழுதாக அடைக்கவில்லை.

"திரும்ப உப்புத் தண்ணி விடுங்க, எறங்கிடும்" என்றார் வெங்கட்ராமன். விட்டேன். கலங்கல் தெளிந்தது, ஆனால் முள் இறங்கவே இல்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே ஒருமுறை சிக்கிய துகள் சிக்கியதுதான். அவர் முள்ளுக்கு மேலிருந்த கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடுத்த மாசம் ஆறு கிணத்துல இதை விடறதா இருந்தோம்," என்றார். குரல் இறங்கியிருந்தது. அவரும் வேலைக்காரர்தானே, அந்த ஆறு கிணறும் அவர் பொறுப்பு.

அவருக்குக் குடிக்க ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்றார். "மனுசங்களுக்குங்க" என்றேன். முதலில் சிரித்தவர் மேடம்தான்.

வாய்க்கால் தண்ணீரை அப்படியே விடும் யோசனையை அவர்கள் கைவிட்டார்கள். கிணற்றிலிருந்து எண்ணெயோடு வரும் உப்புத் தண்ணீரையே பெருமளவு கலந்து விட்டார்கள். கிணறுகள் அடைக்காமல் தண்ணீர் குடித்தன என்று பின்னால் வெங்கட்ராமனே போன் செய்து சொன்னார். மாடி அறைக்குப் பூட்டு வரவில்லை. நான் ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அறிக்கையோடு என் நோட்டுப் பக்கத்தின் நகலையும் மேடம் இணைத்தார். வெங்கட்ராமன் தயங்கினார். "மேலிடத்துக்குப் போறது மேடம். அந்த அடிச்ச வரி அசிங்கமா இருக்கு. அதை மறைச்சு ஒரு நகல் எடுத்திடலாமே." எனக்கும் அதேதான் ஆசை. 'பம்ப் பழுது' என்று நான் எழுதியதை உலகம் ஏன் பார்க்க வேண்டும்?

மேடம் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "இத மறைச்சா, அதுக்குக் கீழ இருக்கறத எதுக்குங்க நம்பணும்?" என்றார். கோடு மறையாமலே நகல் போனது. அறிக்கையின் கடைசியில் 'சோதனை செய்தவர்: தாவூத்' என்று டைப் அடித்திருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு காகிதத்தில் என் பெயர் வந்தது அதுதான் முதல் முறை. நகல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய், படிக்கத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் காட்டினேன். அடுத்த நாள் காலை தகரமும் நீலப் பெயிண்டும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இதையெல்லாம் அன்றே காயத்ரியிடம் போனில் சுருக்கமாகச் சொன்னேன். "பாய், அந்தப் பழைய நோட்டு எங்க அலமாரியிலதானுங்க இருக்குது. எடுத்துப் பார்க்கறேன்" என்றார். மறுநாள் மறுபடி போன் செய்தார்.

"பார்த்தனுங்க பாய். கோடு போட்டிருக்கீங்க. உள்ள இருக்கறது நல்லாத் தெரியுது."

"தெரியணுமுங்க," என்றேன். "அதுக்குத்தான் போட்டது."

பலகையைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. புதுக் கட்டடத்தில் குழாய் எந்தச் சுவரில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். நாளைக் காலை ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போகிறேன்.